செயின்ட் ஜெர்மைன்: மறைந்துபோன அடுக்குத் தோட்டம் (கேள்வி பதில்)

கேள்வி: பி.எஸ்.ஜி. (பாரிஸ் செயின்ட் ஜெர்மைன்) கால்பந்து அணியின் பெயரில் வரும் ஊரும் இந்த அரண்மனை ஊரும் ஒன்றா அண்ணா?

அதே ஊர்தான். பாரிஸுக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், சேன் நதியைப் பார்த்தபடி ஒரு குன்றின் மேல் இருக்கிறது. பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயி 1638-இல் பிறந்தது இங்கேதான். அந்த அணியின் சின்னத்தில் பல வருடங்கள் ஒரு தொட்டில் இருந்ததே, அது அவருடையது.

கேள்வி: நேரில் போனபோது ஒரே ஒரு அரண்மனையைத்தான் பார்த்தேன். அங்கே இரண்டு இருந்தன என்கிறார்களே?

நீங்கள் பார்த்தது பழையது. 12ஆம் நூற்றாண்டில் 6ஆம் லூயி கட்டிய கோட்டை அது. 1346-இல் ஆங்கிலேயப் படை எரித்தது. 1539 முதல் முதலாம் பிரான்சுவா பெரும்பகுதியைப் புதிதாகக் கட்டினார். 14ஆம் லூயி பிறந்த புது அரண்மனை அதற்குக் கிழக்கே, சரிவின் விளிம்பில் நின்றது. இரண்டாம் ஹென்றி தொடங்கியதை நான்காம் ஹென்றி விரித்துக் கட்டினார்.

கேள்வி: அந்தப் புது அரண்மனையின் அடுக்குத் தோட்டத்தில் அப்படி என்ன விசேஷம் சார்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்! குன்றின் உச்சியிலிருந்து நதிவரை அடுக்கடுக்காகத் தளம் வெட்டி, தாங்குசுவர் எழுப்பி, படிகளாலும் சாய்தளங்களாலும் இணைத்தார்கள். அந்தத் தளங்களுக்கு அடியில் செயற்கைக் குகைகள். இத்தாலியிலிருந்து வந்த ஃபிரான்சினி சகோதரர்கள் அங்கே தண்ணீரின் விசையால் இயங்கும் பொம்மைகளை வைத்தார்கள். ஒரு பெண் ஆர்கன் வாசிப்பாள், டிராகன் சிறகடிக்கும், கிரேக்கப் புராண இசைஞர் ஆர்ஃபியஸ் இசை மீட்டுவார். மேலேயிருந்து இறங்கும் தண்ணீர்தான் எல்லாவற்றையும் ஆட்டியது. அரச தோட்டங்களில் இருந்த இதுபோன்ற பொம்மைகளைச் சொல்லித்தான் தத்துவஞானி தெகார்த், நம் நரம்புகளை அவற்றின் குழாய்களோடு ஒப்பிட்டார். ஒரு தோட்டக் குகை மனித உடலைப் பற்றிய சிந்தனைவரை போயிருக்கிறது பாருங்கள்.

கேள்வி: நான் நடந்த நீளமான மேடை அந்தத் தோட்டம்தானே?

இல்லை, நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். சுமார் 2 கிலோமீட்டர் நீளும் அந்த மேடையை லெ நோத்ர் 14ஆம் லூயிக்காக 1669-இல் தொடங்கினார். வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தை அமைத்தவரும் அவரே.

கேள்வி: அப்புறம் அடுக்குத் தோட்டம் என்ன ஆனது?

சரிவில் கட்டியது, ஓயாமல் பராமரிக்க வேண்டும். அது நடக்கவில்லை, சுவர்கள் சரிந்தன. 1682-இல் அரசவை வெர்சாய்க்குப் போய்விட்டது. 1777-இல் புது அரண்மனை, மன்னர் 16ஆம் லூயியின் தம்பி ஆர்த்துவா கோமகனுக்குக் கிடைத்தது. மாற்றிக் கட்டலாம் என்று இடித்தார். கட்டி முடிக்கவே இல்லை, பிரெஞ்சுப் புரட்சி வந்துவிட்டது.

கேள்வி: இப்போது போனால் எதைப் பார்க்கலாம்?

'நான்காம் ஹென்றி மண்டபம்' என்ற சிறு கட்டடம் நிற்கிறது, இன்று ஹோட்டல். சரிவில் சில தாங்குசுவர்கள் மிச்சம் உண்டு. பழைய அரண்மனையில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் மேடையில் நின்று நதியைப் பாருங்கள், பிறகு அந்தச் சுவர்களைத் தேடி இறங்குங்கள்.