ஊர்த் திட்டம் போட எந்த வரைபடத்தைப் பார்ப்பது?

ஊர்த் திட்டமிடலுக்கு இயற்கையமைப்பு வரைபடம் உதவுமா, அரசியல் வரைபடம் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளி அட்லசில் இருப்பவற்றைச் சொல்கிறீர்கள் என்றால் இரண்டுமே உதவாது. அதில் எங்கள் ஒன்றியமே கடுகளவுதான்.

ஊர் அளவுக்கு இறங்கினால் அரசியல் வரைபடத்தின் வேலையைச் செய்பவை கிராம வரைபடம், புலப்படம் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவையும் காட்டும் எஃப்.எம்.பி.), கூடவே அ-பதிவேடு (சர்வே எண் வாரியாக நில விவரம் எழுதிய வருவாய்ப் பதிவேடு). சர்வே எண், எல்லை, எது பட்டா, எது புறம்போக்கு எல்லாம் தெரியும். மேடு பள்ளம் மட்டும் தெரியாது. இயற்கையமைப்புக்கு இந்திய நில அளவைத் துறையின் டோப்போ ஷீட், அதாவது நிலத்தின் மேடு பள்ளம், நீர்நிலைகளைக் காட்டும் படம். 1:50,000 அளவில் படத்தில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. பழுப்பில் சம உயரக் கோடு (ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைப்பது), நீலத்தில் ஏரியும் ஓடையும். நிலம் யாருடையது என்று அதைக் கேட்டால் பதில் வராது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஏரிக்கரை ஊர் எங்களுடையது. அங்கன்வாடிக்குக் கட்டடம் கட்ட கிராம சபையில் இடம் பார்த்தோம். சாலையோரம், வில்லங்கம் இல்லை, அ-பதிவேட்டில் நத்தம், அதாவது குடியிருப்பு நிலம். (ஓடை, வாய்க்கால் என்று எழுதியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.) எல்லோரும் தலையாட்டியபோது ஒரு பாட்டி மட்டும், "ஐப்பசியில அங்க நண்டு புடிச்சிருக்கேன்டா" என்றார். சிரித்துவிட்டோம்.

சந்தேகம் போகாமல் டோப்போ ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். சம உயரக் கோடு கைகொடுக்கவில்லை. அந்த ஷீட்டில் கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் இடைவெளி. எங்கள் ஊர் மொத்தமும் இரண்டு கோடுகளுக்கு நடுவே அடங்கிவிடுகிறது. சமவெளிக்காரர்கள் இதை நம்பி ஏமாற வேண்டாம். உதவியது நீலம்தான். எங்கள் ஏரியின் கலங்கலிலிருந்து (உபரி நீர் வழியும் இடம்) கீழே இருக்கும் அடுத்த ஏரி வரை ஒரு மெல்லிய கோடு போகிறது. ஒன்று நிரம்பி மற்றொன்றுக்கு வழியும் சங்கிலி ஏரிகள் அவை. நாங்கள் பார்த்த இடம் ஏறத்தாழ அந்தக் கோட்டின் மேலேயே இருந்தது. நிலத்தில் பார்த்தால் வாய்க்காலின் தடமே இல்லை, தூர்ந்துபோயிருந்தது.

"ஏறத்தாழ" என்பதை வைத்துக் கட்டடத்தை நிறுத்த முடியாது. கொத்தனார் ஒருவர் தண்ணீர் டியூப் கொண்டுவந்து லெவல் பார்த்தார். சாலையைவிட ஒன்றரை அடி பள்ளம். பிறகு கோயில் திடலில் கோலப்பொடியால் ஊரை வரைந்து, மழைக்காலத்தில் எங்கெங்கே தண்ணீர் நிற்கும் என்று பெரியவர்களைக் காட்டச் சொன்னோம். நண்டு பிடித்த பாட்டிதான் முதலில் குச்சியை வாங்கினார். அன்று கிடைத்த படம் ஷீட்டைவிடத் துல்லியம் என்று நான் சத்தியம் செய்வேன். அங்கன்வாடி மேட்டுத் தெருவுக்குப் போனது.

வாய்க்காலைத் தூர் வார வேண்டும் என்று ஆரம்பித்தபோதுதான் அரசியல் வரைபடத்தின் அருமை தெரிந்தது. மனு கொடுக்கப் போன இடத்தில் முதல் கேள்வி, "எந்த கிராமம்?" வருவாய் கிராமமும் ஊராட்சியும் ஒன்றல்ல, ஓர் ஊராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய் கிராமங்கள்கூட இருக்கும். அடுத்தது, ஏரி யாருடையது? பொதுவாக ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்குக் குறைவான ஏரி ஊராட்சி ஒன்றியத்திடம், அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறையிடம். எங்களுடையது சின்னது, கீழேயுள்ளது பெரியது. நடுவில் ஓடும் வாய்க்காலை ஒன்றிய எல்லை குறுக்கே வெட்டுகிறது. மூன்று அலுவலகம் அலைந்தோம்.

அதனால் உங்கள் ஊருக்கு நான் சொல்வது: கிராம வரைபடத்தை நகலெடுத்து, அதன்மேல் டிரேசிங் தாளில் ஓடை, ஏரி, கலங்கல், பள்ளங்களை வரையுங்கள். நீலக்கோடு எல்லைக்கோட்டைத் தாண்டும் ஒவ்வோர் இடத்திலும் சிவப்பில் சுழியுங்கள். அங்கேதான் மனு இரண்டாகப் பிரியும், நிதி நின்றுபோகும். கிராம சபைக்குப் போகும்போது பக்கத்து ஊராட்சித் தலைவரிடமும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். நாங்கள் அதைத் தாமதமாகத்தான் செய்தோம்.

எங்கள் பக்கம் நூறு நாள் வேலையில் தூர் வாரியாகிவிட்டது. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இன்னும் வேலிக்காத்தான்தான்.