சர்டிபிகேட் குவிகிறது, ஒர்க்‌ஷாப்புக்குப் பணம் கட்டலாமா?

சோமனூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "ஏனுங்க சார், பையன் பிளஸ் ஒன் படிக்கிறானுங்க. போன்லயே குறும்படம் எடுத்து ஏதேதோ விழாவுக்கு அனுப்பி சர்டிபிகேட்டா வாங்கி வெச்சிருக்கான். இப்ப கோயமுத்தூர்ல அஞ்சு நாள் சினிமா ஒர்க்‌ஷாப்புன்னு 18,000 ரூபாய் கேக்கறான். தறி ஓட்டற காசை இதுல கொண்டுபோய்க் கொட்டறதான்னு அவங்க அப்பா சத்தம் போடறாருங்க. கட்டலாமுங்களா?"

அம்மா, அந்த 18,000 ரூபாயைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்தச் சர்டிபிகேட்டுகளைப் பார்த்துவிடலாம்.

தம்பி அனுப்பிய போஸ்டரைப் பார்த்தேன். ஆறு நிமிடப் படம். தலைப்புக்கு மேலே லாரல் என்று சொல்கிற அந்த இலை வளையம் வரிசையாக நிற்கிறது. சிறந்த மொபைல் படம், சிறந்த அறிமுக இயக்குநர், அரையிறுதித் தேர்வு, இன்னும் என்னென்னவோ. அதில் பெரும்பாலானவை மாதாமாதம் இணையத்தில் மட்டும் நடக்கிற போட்டிகள். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக டாலரில் நுழைவுக் கட்டணம். பரிசு கிடைத்ததும் "கோப்பை வேண்டுமானால் இவ்வளவு கட்டுங்கள்" என்று இன்னொரு மெயில் வரும். அரங்கம் கிடையாது, பார்வையாளர் கிடையாது. பணம் கட்டிய எல்லோருக்கும் ஏதோ ஒரு பட்டம் கிடைத்துவிடும். தம்பியைத் திட்ட வேண்டாம். விழாக்களுக்குப் படம் அனுப்பப் பயன்படுகிற பிலிம்ஃப்ரீவே மாதிரித் தளங்களில் நல்ல விழாவும் இந்த மாதிரிக் கடையும் பக்கத்துப் பக்கத்தில்தான் பட்டியலில் இருக்கும். பதினாறு வயதுப் பையனுக்கு வித்தியாசம் தெரியாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

கண்டுபிடிப்பது கஷ்டமும் இல்லை. எந்த ஊரில், எந்த அரங்கில், எந்தத் தேதியில் திரையிடுகிறார்கள்? நடுவர்கள் யார்? போன வருடம் எந்தெந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்? இதற்கு விழாவின் பக்கத்திலேயே பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே பைசா கட்ட வேண்டாம். கல்லூரி நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். லாரலை அவர்கள் எண்ணிக்கொண்டு இருக்க மாட்டார்கள். படத்தைப் போடு என்பார்கள், இந்த இடத்தில் ஏன் வெட்டினாய் என்று கேட்பார்கள். அதற்கு அவனிடம் பதில் இருக்க வேண்டும்.

அதனால் படத்துக்கே வருகிறேன். தம்பி உங்கள் தறிக் குடோனையே எடுத்திருக்கிறான், நல்ல விஷயம். பாவு நூலைப் பிணைக்கிற விரல்களைக் கிட்டத்தில் காட்டுகிற அந்த ஷாட்டைப் பார்த்தபோது இவனுக்குக் கண் இருக்கிறது என்று தோன்றியது. ஆனால் ஒலி மோசம். தறி ஓடும்போதே போனை நீட்டி அவன் தாத்தாவைப் பேச வைத்திருக்கிறான். அவர் சொல்வதில் பாதி காதில் விழவில்லை, தறிச் சத்தமும் பிசிறடிக்கிறது. அதை மறைக்க ஒரு சினிமாப் பாட்டை எடுத்து மேலே போட்டுவிட்டான். உரிமை வாங்காத பாட்டு இருந்தால் ஒழுங்கான விழாக்கள் படத்தைச் சேர்க்கத் தயங்கும்.

தாத்தாவைத் தறி நிற்கிற நாளில் உட்கார வைத்து, சட்டையில் மாட்டுகிற சின்ன மைக்கில் பேச்சைத் தனியாகப் பதிவு செய்யட்டும். தறிச் சத்தத்தை இன்னொரு நாள், குடோன் வாசலில் இருந்தும் உள்ளே இருந்தும் தனித்தனியாக எடுக்கட்டும். எடிட்டிங்கில் இரண்டையும் சேர்த்து, பேச்சு வரும்போது தறியை அடக்கி வைத்தால் போதும். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இது முடியும். அப்புறம் இங்கிலீஷ் சப்டைட்டில் போடட்டும். இன்னொன்று, முடித்த கையோடு யூடியூபில் ஏற்ற வேண்டாம். பொதுவில் வெளியான படத்தை எடுக்காத விழாக்கள் உண்டு. விழாச் சுற்று முடிந்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

இப்போது ஒர்க்‌ஷாப். போன் போட்டு நாலு விஷயம் கேளுங்கள். ஒரு பேட்ச்சில் எத்தனை பேர்? ஒரு கேமராவுக்கு எத்தனை பேர்? ஒவ்வொருவரும் தானே எடிட் செய்து ஒரு படத்தை முடிப்பார்களா? போன பேட்ச் பிள்ளைகள் எடுத்த படங்களைப் பார்க்கக் கொடுப்பார்களா? அறுபது பேருக்கு ஒரு கேமரா, கடைசி நாள் ஒரு சினிமாப் பிரபலம் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார் என்றால், அது சுற்றுலா. பழைய மாணவர்களின் படங்களைக் காட்டத் தயங்கினாலும் விட்டுவிடுங்கள். பதில்கள் திருப்தியாக இருந்தால்கூட, "டைரக்‌ஷன்" என்று பெயர் வைத்த ஐந்து நாளைவிட ஒலிப்பதிவோ எடிட்டிங்கோ கற்றுத்தருகிற இரண்டு நாள் இவனுக்கு இப்போது அதிகம் உதவும். என்னைக் கேட்டால் இந்த முறை கட்ட வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து ஒரு நல்ல மைக்கும் ஹார்ட் டிஸ்க்கும் வாங்கிக் கொடுங்கள்.

விழா என்றால் என்னவென்று அவன் நேரில் பார்க்கத்தான் வேண்டும், அதற்குக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கோவாவில் நவம்பரில் நடக்கும் இந்தியச் சர்வதேசத் திரைப்பட விழா, திருவனந்தபுரத்தில் டிசம்பரில் நடக்கும் கேரள விழா போன்றவற்றில் தணிக்கைச் சான்று இல்லாமலே படங்களைத் திரையிட விலக்கு வாங்குகிறார்கள். அதனால் 18 வயது நிரம்பினால்தான் உள்ளே போய்ப் படம் பார்க்கிற பிரதிநிதி அட்டை. கல்லூரியில் சேர்ந்ததும் முதல் வேலையாகக் கேரள விழாவுக்கு அனுப்புங்கள். மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு, கோவையில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். ஒரு நாளைக்கு நாலு படம் பார்த்து, வரிசையில் நிற்கிறவர்களோடு சண்டை போட்டுப் பேசுகிற பழக்கம் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கிடைக்காது. ஆவணப்படத்தில் ஆர்வம் வந்தால் அதே கேரளத்துக்காரர்கள் ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் தனியாக ஒரு விழா நடத்துகிறார்கள். கோவாவில் 2021 முதல் இளம் படைப்பாளிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்களைக் குழுவாகப் பிரித்துக் குறித்த மணிநேரத்துக்குள் படம் எடுக்க வைப்பதும் உண்டு. அது சில வருடம் கழித்து யோசிக்க வேண்டியது.

அதுவரை உள்ளூரிலேயே வேலை இருக்கிறது. கோவையில் கோணங்கள் போன்ற திரைப்படச் சங்கங்கள் உலகப் படங்களைப் போட்டு, முடிந்ததும் உட்கார்ந்து பேசுகிற வழக்கத்தை வளர்த்திருக்கின்றன. அவன் வயதுக்கு ஏற்ற படம் போடுகிற நாளாக விசாரித்து அனுப்புங்கள். விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் துறை உள்ள கல்லூரிகள் பள்ளி மாணவர்களுக்குப் போட்டி வைத்தால் அங்கே அனுப்பலாம், பெரும்பாலும் செலவில்லாத விஷயம். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை குடோன் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, வாடகைக்கு ஒரு புரொஜெக்டர் எடுத்து, தறிக்காரர்கள் முன்னால் அந்தப் படத்தைப் போடச் சொல்லுங்கள். எங்கே செல்போனை எடுக்கிறார்கள், எங்கே சிரிக்கிறார்கள் என்று பின்னால் நின்று பார்க்கட்டும். டாலர் கட்டி அனுப்பிய போட்டிகளின் எந்த நடுவரும் அவனுக்கு இதைச் சொன்னதில்லை.

படிப்பு விஷயத்தில் அவசர முடிவு வேண்டாம். தம்பி எடுத்திருப்பது சயின்ஸ் குரூப், நல்லதாகப் போயிற்று. சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நாலு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஒளிப்பதிவு, ஒலி போன்ற பிரிவுகளுக்கு இயற்பியலும் வேதியியலும் கேட்பார்கள். "எப்படியும் சினிமாதானே" என்று இந்த வருடத்தோடு குரூப்பை மாற்றினால் அந்தக் கதவு மூடிவிடும். அரசு நிறுவனம் என்பதால் தனியார் கல்லூரிகளோடு பார்த்தால் செலவு மிகவும் குறைவு, சீட்டும் குறைவு. புனே, கொல்கத்தாவில் உள்ள மத்திய அரசுத் திரைப்பட நிறுவனங்களின் முக்கியமான திரைப்படப் படிப்புகளுக்கு ஏதாவது ஒரு டிகிரி முடித்திருக்க வேண்டும். அனிமேஷன் பக்கம் மனசு போனால் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு இருக்கிறது, அதற்கு வரைகிற கையும் வேண்டும். எதுவும் அமையாவிட்டால் கோவையிலேயே விஸ்காம். வீட்டிலிருந்தே போய் வரலாம். ஆனால் சேர்வதற்கு முன் அந்தக் கல்லூரியின் எடிட்டிங் லேப் எந்த நிலையில் இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

வேலை கிடைக்குமா என்பது அப்பாவின் கவலை. டைரக்டர் ஆவான் என்பதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன், யாரும் தர முடியாது. எடிட்டிங், ஒலி, படத்தின் நிறத்தைச் சரிசெய்கிற கலர் வேலை தெரிந்தவனுக்கு நம் பக்கமே வேலை உண்டு. திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களுக்குத் துணியைக் காட்டுகிற வீடியோ வேண்டும். கோவையில் ஆஸ்பத்திரியும் நகைக்கடையும் கல்லூரியும் விளம்பரம் எடுத்துக்கொண்டே இருக்கின்றன. கல்யாண வீடியோ எடிட்டர்கள் முகூர்த்த மாதங்களில் தூங்குவதே இல்லை. கௌரவம் குறைவு என்று பையன்கள் முகம் சுளிப்பார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. கை பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

அப்பாவிடம் இன்னொரு விஷயமும் சொல்லுங்கள். சினிமா மெட்ராஸ்காரர்கள் தொழில் என்று நினைத்துக்கொண்டு இருப்பார். கோவைக்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வே வேலையில் இருந்தவர். 1905ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற திரையரங்கைக் கட்டினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைச் சேலத்தில் தொடங்கிய டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போய் அவர் படித்தது ஜவுளிப் படிப்பு!

பிளஸ் டூ தொடங்குவதற்கு முன், கோடை விடுமுறையில் தறிப் படத்தின் ஒலியைச் சரிசெய்து முடிக்கட்டும். புதுப் படம் ஆரம்பிக்க வேண்டாம், பழையதை முடிக்கட்டும். பப்ளிக் பரீட்சை முடியும்வரை கேமரா பரணில் இருக்கட்டும், கையில் ஒரு நோட்டு போதும். பார்த்த படத்தில் எந்தக் காட்சி பிடித்தது, ஏன் என்று வாரம் ஒரு பக்கம் எழுதினால் நேர்காணலுக்கு அதுவே தயாரிப்பு. ஒர்க்‌ஷாப்காரர்களிடம் போன் பேசும் வேலையை அவனிடமே கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டால் போதும்.