‘ஊசி போட்டாச்சு’ என்றால், எந்த ஊசி?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கிறோம். போன முறை ஏஜென்ட் ஒருவர் மூலம் 200 ஒரு நாள் குஞ்சுகளைக் கீழே இருந்து வரவழைத்தோம். “ஹேச்சரியிலேயே ஊசி, சொட்டு மருந்து, டானிக் எல்லாம் போட்டாச்சு, இனி நீங்க எதுவும் செய்ய வேண்டாம்” என்று சொல்லி, குஞ்சுக்கு 3 ரூபாய் கூடுதலாக வாங்கினார். முதல் வாரத்திலேயே கொஞ்சம் செத்தன. மூன்று மாதத்துக்கு மேல் பல கோழிகள் ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு படுத்து, மெலிந்து செத்தன. மறுபடி குஞ்சு எடுக்கப்போகிறோம். உண்மையில் ஊசி போட்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் நாமே திரும்பப் போடலாமா? முதல் நாளிலிருந்து என்ன சத்து மருந்து கொடுக்க வேண்டும்?

பதில்: பெட்டி மலையேறி உங்கள் கைக்கு வந்த பிறகு, குஞ்சைத் திருப்பிப் பார்த்து ஊசி போட்டிருக்கிறதா என்று சொல்ல உங்களால் முடியாது அம்மா. என்னாலும் முடியாது. ஏஜென்டுகளின் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது. அதனால் “ஊசி போட்டாச்சா?” என்று கேட்பதை முதலில் விடுங்கள். அதற்கு எல்லோரும் “ஆச்சு” என்றுதான் சொல்வார்கள். “எந்த ஊசி, எந்தக் குப்பி, எத்தனை குப்பி?” என்று கேளுங்கள்.

ஹேச்சரி, அதாவது குஞ்சு பொரிக்கும் நிலையம், மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது மேரக்ஸ் தடுப்பூசி. மற்ற எல்லாவற்றையும் நீங்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். நீங்கள் எழுதிய அந்தக் கால் நீட்டல், மூன்று மாதத்துக்கு மேல், மெலிந்து சாவது எல்லாம் சேர்ந்து மேரக்ஸையே காட்டுகிறது. இந்த நோயின் கிருமி கோழியின் இறகுத் தூசியில் இருக்கும். கொட்டகைத் தூசியில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குஞ்சு அந்தத் தூசியை மூச்சில் இழுத்தால் போதும். நோய் உடனே தெரியாது. கிருமி உள்ளே புகுந்து, மாதங்கள் கழித்து நரம்பைத் தடிக்கவைத்துக் காலை இழுக்கும், அல்லது ஈரலில் கட்டியாக நிற்கும். மருந்து கிடையாது.

தடுப்பூசி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். கிருமிக்கு முன்னால் தடுப்பூசி உள்ளே போயிருக்க வேண்டும். அதனால்தான் பொரித்த அன்றே, கழுத்தின் பின்பக்கத் தோலுக்கு அடியில் 0.2 மில்லி போடுகிறார்கள். பத்து நாள் கழித்து நீங்கள் வீட்டில் போட்டால் ஊசிக் காசு நஷ்டம், அவ்வளவுதான். உங்கள் இரண்டாவது கேள்விக்கு மேரக்ஸைப் பொறுத்தவரை பதில் இதுதான்: திரும்பப் போட முடியாது.

ஐந்தாறு வாரத்தில் கறிக்குப் போகும் பிராய்லருக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை. நோய் முற்றுவதற்குள் அது குழம்பாகிவிடும். மாதக்கணக்கில் வளர்த்து, முட்டைக்கும் அடைக்கும் வைத்திருக்கும் பெருவிடை, சிறுவிடை ஆகிய நாட்டுக்கோழி வகைகளுக்குத்தான் இது எமன்.

இப்போது ஏமாற்று நடக்கும் இடத்துக்கு வருவோம். இந்த மருந்து இரண்டு வகையில் வருகிறது. ஒன்று மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் கலனில் வைக்க வேண்டியது. அதைப் பெரிய ஹேச்சரிகள்தான் வைத்திருக்கும். இன்னொன்று உலர்ந்த தூளாக, 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கும் குப்பி. இது வான்கோழியிடமிருந்து எடுத்த கிருமி, கோழிக்கு நோய் தராது. சிறிய ஹேச்சரிகளில் பெரும்பாலும் இதுதான். எதுவானாலும் கலக்கும் நீரில் கலந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். காலையில் கலந்ததை மத்தியானம் வரை இழுத்துப் போட்டால், போடுவது வெறும் நீர்தான்.

கணக்கு எளிது. 1000 டோஸ் குப்பிக்கு 200 மில்லி கலக்கும் நீர். குஞ்சுக்கு 0.2 மில்லி. அன்று 3000 குஞ்சு பொரித்திருந்தால் மூன்று காலிக் குப்பி இருக்க வேண்டும். ஒரு குப்பியை வைத்துக்கொண்டு 400, 500 மில்லி வரை நீரை ஊற்றி “எல்லாத்துக்கும் போட்டாச்சு” என்று சொல்பவர்கள் உண்டு. சிறிய ஹேச்சரிக்காரரின் சங்கடமும் தெரிந்ததுதான். 150 குஞ்சு பொரிக்கிறவர் 1000 டோஸ் குப்பியை உடைத்தால் மீதி 850 டோஸ் சாக்கடைக்குப் போகும். அதனால் அவர் உடைப்பதே இல்லை. சின்னக் குப்பி போட்டால் லாபம் இல்லை என்று கம்பெனிகள் ஒதுங்கிக்கொள்கின்றன. அரசு பெரிய பண்ணையைப் பார்த்துத்தான் திட்டம் போடுகிறது. நடுவில் நிற்பது 200 குஞ்சு வாங்கும் உங்களைப் போன்றவர்கள்.

நான் சொல்லும் வழி இது. உங்கள் முட்டை மெஷினிலிருந்து இறங்கும் நாளைக் கேட்டு, அன்று காலையில் யாராவது ஒருவர் நேரில் போங்கள். முட்டை அடை வைத்த 21-ஆம் நாள் பொரிக்கும், அதனால் தேதி முன்கூட்டியே தெரியும். “வெளியாள் வந்தா கிருமி வரும்” என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது, கோழி வளர்க்கிறவர் காலில் என்னவெல்லாமோ ஒட்டியிருக்கும். உள்ளே போக வேண்டாம், சன்னல் வழியாகப் பார்த்தால் போதும்.

கலந்த மருந்து ஐஸ் மேல் இருக்கிறதா, மேஜை மேல் வெறுமனே கிடக்கிறதா? போடுகிறவர் குஞ்சின் கழுத்துத் தோலை இரண்டு விரலால் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, ஊசியை உடம்புப் பக்கமாகச் சாய்த்து நுழைக்கிறாரா? அவசரத்தில் ஊசி தோலின் மறுபக்கம் வெளியே வந்துவிடும். மருந்து மெத்தென்ற மயிரில் போய் ஒட்டும். கழுத்து நனைந்திருந்தால் அந்தக் குஞ்சுக்குப் போடவில்லை என்றே அர்த்தம். சில கம்பெனிகளின் கலக்கும் நீரில் நிறம் சேர்த்திருக்கும், அப்போது இன்னும் நன்றாகத் தெரியும். முடிந்ததும் காலிக் குப்பியின் லேபிளை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி மூன்றும் பில்லில் வர வேண்டும். பில்லே தராத ஏஜென்டிடம் குஞ்சுக்கு 3 ரூபாய் என்ன, 3 பைசாவும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். 2012-ல் ஈமு கோழி மோசடி வெடித்த பிறகும், “குஞ்சு எடுங்க, நாங்களே திருப்பி வாங்கிக்கறோம்” என்று கொங்கணாபுரம் சனிச்சந்தை ஓரத்தில் நின்று பேசும் ஆட்கள் குறையவில்லை.

அடுத்து வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய். இதற்கான முதல் சொட்டு எஃப் ஒன் என்ற தடுப்பு மருந்து. 5 முதல் 7 நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. இதை நீங்களே போடலாம். ஹேச்சரியில் முதல் நாளே போட்டுவிட்டதாகச் சொன்னால் மகிழ்ந்துவிட வேண்டாம். தடுப்பூசி போட்ட தாய்க்கோழியின் எதிர்ப்புச் சக்தி, மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கு வந்திருக்கும். முதல் நாள் விடும் சொட்டை அந்தச் சக்தி பெருமளவு அடித்துவிடும். நாள் போகப் போகத்தான் அது குறையும். 5 நாள் பொறுப்பது அதற்காகத்தான்.

ஆனால் இங்கே ஒரு விதிவிலக்கு, அதைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். நாட்டுக்கோழி ஹேச்சரிகள் பலவற்றுக்குச் சொந்தமாகத் தாய்க்கோழி கிடையாது. ஊர் ஊராக முட்டை சேர்த்து வருகிறார்கள். பத்து வீட்டு முட்டை. அதில் இரண்டு வீட்டுக்காரர் தடுப்பூசி போட்டிருப்பார், எட்டு வீட்டுக்காரர் போட்டிருக்க மாட்டார். ஒரே பெட்டியில் வரும் 200 குஞ்சில் சிலவற்றுக்குத் தாயின் சக்தி இருக்கும், பலவற்றுக்குச் சுத்தமாக இருக்காது. சக்தி இல்லாத குஞ்சுக்கு ஐந்து நாள் காத்திருப்பதே ஆபத்து. எஃப் ஒன் சாதுவான கிருமி, ஒரு நாள் குஞ்சும் தாங்கும். ஆகவே கலப்பு முட்டையில் பொரித்தது என்றால் முதல் நாளே ஒரு சொட்டு விட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு சொட்டு விடுங்கள். முதல் சொட்டு சக்தி இல்லாததைக் காப்பாற்றும், இரண்டாவது சொட்டு சக்தி இருந்ததைப் பிடிக்கும். கலப்பா இல்லையா என்று எப்படித் தெரியும்? “தாய்க்கோழியைக் காட்டுங்க” என்று கேளுங்கள். காட்டினால் கலப்பில்லை. “அது வேற பண்ணையில இருக்கு, இன்னொரு நாள் பார்க்கலாம்” என்றால் கலப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் கோழியே அடைகாத்துப் பொரித்தால் இந்தக் குழப்பம் இல்லை. அதற்கு ஊசி போட்டீர்களா என்று உங்களுக்கே தெரியும்.

சொட்டு மருந்துக் குப்பி 100 டோஸ் அளவிலும் வரும். சேலத்தில் வாங்கினால் ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து மேலே கொண்டு வாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் வெயிலில் பைக் டேங்க் கவரில் வந்த மருந்தைக் குஞ்சுக்கு விட்டுப் பயனில்லை. சொட்டு விட்டதும் குஞ்சைக் கீழே விடாதீர்கள். கண் இமைத்து மருந்து உள்ளே போவதைப் பார்த்துவிட்டு விடுங்கள். ஒரு நொடிதான் ஆகும்.

அப்புறம், மருந்துக் கடையில் எஃப் ஒன் இல்லையென்றால் “இதுவும் ராணிக்கெட்டுக்குத்தான்” என்று ஆர்.டூ.பி குப்பியைக் கையில் திணிப்பார்கள். வாங்கவே வாங்காதீர்கள். அது வீரியமான கிருமி, எட்டு வாரக் கோழிக்கு உரியது. குஞ்சுக்குப் போட்டால் நோயே வந்து சாகும். பிறகு “ஊசி போட்டதால செத்துச்சு” என்று ஊர் முழுக்கப் பேச்சு பரவும். நடுவில் கம்போரோ என்ற இன்னொரு நோய்க்கான சொட்டு, நான்காவது வாரம் மறுபடி வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா, பிறகு அம்மை ஊசி உண்டு. தேதியை உங்கள் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசு வருடத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் பிப்ரவரியில், இந்த வெள்ளைக்கழிச்சலுக்கே கோழிக்கழிச்சல் இருவார முகாம் நடத்துகிறது. இலவசம், நல்ல மருந்து, விடாமல் போடுங்கள். ஆனால் அடைக்கோழி பிப்ரவரி பார்த்தா உட்காருகிறது? ஜூலையில் பொரித்த குஞ்சுக்கு முகாம் எங்கே? மலைக் கிராமத்துக்காரர் ஒரு சொட்டுக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கீழே இறங்கி வர வேண்டியிருக்கிறது. இதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிப் பார்த்தாயிற்று.

சத்து மருந்து பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், விஷயமும் சுருக்கம்தான். முதல் நாள் கொதிக்கவைத்து ஆறிய, இளஞ்சூடான தண்ணீர். பயணத்தில் வாடி வந்த குஞ்சுக்கு முதல் சில மணி நேரம் அதில் எலக்ட்ரோலைட் தூள், இல்லையென்றால் லிட்டருக்கு இரண்டு மூன்று ஸ்பூன் வெல்லம். அதற்கு மேல் வெல்லம் வேண்டாம், பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும், எறும்பும் வரும். மூன்று நாளுக்கு லேபிள் உள்ள வைட்டமின் சொட்டு. பிறகு நல்ல குஞ்சுத் தீவனம் போதும். இரண்டு மூன்று நாளுக்கு வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கருவே குஞ்சைத் தாங்கும் என்பது உண்மைதான். அதைச் சாக்காக வைத்துப் பெட்டியிலேயே போட்டுவைக்கக் கூடாது. வந்ததும் தண்ணீர், உடனே தீவனம்.

டானிக் விற்கிறவர்கள் “கால் இழுக்கிற கோழி எங்க பாட்டில்ல எழுந்துடுச்சு” என்று படம் காட்டுவார்கள். படம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் குஞ்சின் கால்விரல் உள்பக்கமாகச் சுருண்டு, முட்டியில் உட்கார்ந்து நகரும். அது பி டூ வைட்டமின் குறைவு, ஆரம்பத்திலேயே கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். உங்கள் கோழிகளுக்கு நேர்ந்தது அது இல்லை. மூன்று மாதத்தில் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே என்றால் எந்த டானிக்கும் எழுப்பாது.

“முதல் மூணு நாள் ஆன்டிபயாடிக் போட்டாத்தான் குஞ்சு நிக்கும்” என்பதும் ஏஜென்டு பேச்சுதான். நோய் இல்லாத குஞ்சுக்கு அது தேவையில்லை. கோலிஸ்டின் என்ற மருந்தை இறைச்சி, முட்டைக்காக வளர்க்கும் உயிரினங்களுக்குப் பயன்படுத்த 2019-லேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. லேபிள் கிழித்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

முதல் வாரச் சாவுக்கு நான் ஊசியைச் சந்தேகிக்க மாட்டேன், குளிரைத்தான் சந்தேகிப்பேன். சேலத்தில் வெந்து பொரித்த குஞ்சு, அட்டைப் பெட்டியில் காற்று வாங்கிக்கொண்டு ஐயாயிரம் அடி உயரத்துக்கு வருகிறது. முதல் வாரம் அதற்கு 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். கீழே 200 குஞ்சுக்குப் போடும் பல்புக் கணக்கு ஏற்காட்டு ராத்திரிக்குப் பற்றாது. கரண்ட் போனால் என்ன செய்வது என்று குஞ்சு வருவதற்கு முன்பே முடிவு செய்துவைத்திருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு. தொப்புள் ஈரமாக, கறுத்து, வயிறு உப்பி வந்த குஞ்சுகள் ஹேச்சரியின் அழுக்குக்குச் சாட்சி, அவற்றைப் பெட்டியிலேயே எண்ணித் திருப்பிக் கொடுங்கள்.

கடைசியாக, பழைய கொட்டகை. மேரக்ஸ் தடுப்பூசி நோயைத்தான் தடுக்கும், கிருமி உள்ளே வருவதைத் தடுக்காது. ஊசி ஒழுங்காகப் போட்ட குஞ்சாக இருந்தாலும், போன தொகுதியின் தூசியில் கொண்டுபோய் விட்டால் அந்த முதல் ஒரு வாரத்திலேயே மாட்டிக்கொள்ளும். பழைய உமியை அள்ளி எரித்து, சிலந்தி வலை வரை கழுவி, சுண்ணாம்பு அடித்து, புதுக் குஞ்சைப் பெரிய கோழிகளிடமிருந்து விலக்கி வேறு அறையில் வையுங்கள். இப்போது மீதி இருக்கும் கோழிகளில் ஒன்று படுத்தால் புதைத்துவிடாதீர்கள். உயிரோடோ, செத்த சில மணி நேரத்தில் ஐஸில் வைத்தோ சேலம் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோங்கள். அறுத்துப் பார்த்தால் தொடை நரம்பும் ஈரலும் சொல்லிவிடும். அந்த முடிவு கையில் வரும்வரை புதுக் குஞ்சுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.