ஒன்பதாம் வகுப்பு மகளுக்கு ஒலிப் பாடத்தை எப்படிப் புரியவைப்பது?

அதிர்வெண், வீச்சு, அலைநீளம் என்று மகள் தடையின்றி ஒப்பிக்கிறாள், ஆனால் எதுவும் புரிந்ததாகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டியூஷனிலும் அதே வளைகோட்டுப் படத்தைத்தான் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்கும் பிள்ளை, காற்று பாம்பைப்போல நெளிந்து வருகிறது என்றே நம்பிவிடுகிறது. பெங்களூர் மெஜஸ்டிக்கில் பஸ்ஸுக்கு நிற்கும் வரிசையில் பின்னாலிருப்பவர் தள்ளினால், அந்தத் தள்ளல் முன்வரிசைவரை போகும். ஆட்கள் அவரவர் இடத்தில்தான் இருப்பார்கள். காற்றில் ஒலியும் அப்படித்தான் போகிறது, நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில்.

நான் அல்சூரில் மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவன். வாத்தியக்காரனுக்கு இயற்பியல் எதற்கு என்பவர்களுக்கு ஒரு செய்தி: சர் சி.வி. ராமன் 1920-இலேயே நம் தோல் வாத்தியங்களைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதியவர். பெங்களூருக்கு வந்தபின் 1934-இல் இன்னும் விரிவாக எழுதினார். ஆகவே நான் அத்துமீறவில்லை.

என்னிடம் கற்கும் ஒரு பெண்ணுக்கும் இதே பாடம்தான் வந்தது. அவளை முதலில் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியை வெறுமனே தட்டச் சொன்னேன். பிறகு பிசைந்த ரவையை அதன் நடுவில் அப்பித் தட்டச் சொன்னேன். சுருதி இறங்கிவிட்டது. "ஏன் சார்?" என்றாள். எடை கூடினால் தோல் மெதுவாக அதிரும், அதிர்வெண் குறையும். வலப்பக்கமான வலந்தலையின் விளிம்பைக் கல்லால் தட்டி இறுக்கியதும் சுருதி ஏறியது. பலமாக அடித்தபோது சத்தம்தான் பெருகியது, சுருதி அப்படியே நின்றது. சுருதியைத் தீர்மானிக்கும் அதிர்வெண்ணும் சத்தத்தைத் தீர்மானிக்கும் வீச்சும் வேறு வேறு என்பதை அவள் காதே அவளுக்குச் சொல்லிவிட்டது.

அடுத்துக் கரணை, அதாவது வலந்தலையின் நடுவிலுள்ள கருப்பு வட்டப் பூச்சு. ஒரே சீரான தோலை வட்டமாக இழுத்துக் கட்டித் தட்டினால், அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒன்றுக்கொன்று இசையாத அதிர்வுகள் எழும். அதனால் சுருதி தெளிவாக நிற்காது. வலந்தலையின் நடுவே அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றிய கருப்புக் கரணை இந்த அதிர்வுகளை ஏறக்குறைய 2, 3, 4, 5 மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது. சமன்பாடு எதுவும் இல்லாமல் காதை மட்டுமே நம்பி இதைக் கண்டுபிடித்த கைவினைஞர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். மோதிர விரலைக் கரணையின் ஓரத்தில் லேசாக வைத்து 'நம்' என்று மீட்டச் சொல்லி, தோல்மேல் சலித்த மணலைத் தூவினேன். அதிராத கோட்டை நோக்கி மணல் ஒதுங்கியது. அந்த அதிராத இடம்தான் கணு. கணு என்றால் என்னவென்று அதற்குப்பின் அவள் என்னிடம் கேட்கவே இல்லை.

விளக்கத்தை அதிகம் சுருக்கிவிட்டேன் என்று கல்லூரிப் பேராசிரியர்கள் சொல்லலாம். ஒன்பதாம் வகுப்புக்கு இது போதும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் குடியிருப்புச் சங்கம் மாலை ஆறு மணி வகுப்பை 'இரைச்சல்' என்று நிறுத்தச் சொல்கிறது. பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் ஒலிபெருக்கி நள்ளிரவு தாண்டியும் ஜன்னல் கண்ணாடியை அதிரவைக்கிறது, அதைக் கேட்க ஆளில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் வரம்பு. பிள்ளைகள் கற்கும் நேரத்தில் மட்டும் சட்டம் பேசுவது நியாயமே இல்லை.

உங்கள் வீட்டில் மிருதங்கம் இல்லாவிட்டால், அகலமான பாத்திரத்தின் வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, மேலே உப்பைத் தூவுங்கள். மகள் அதன் அருகில் வாயை வைத்து, குரலை மெல்ல ஏற்றி இறக்கி 'ஊ' என்று பாடட்டும். சில சுருதிகளுக்கு உப்பு அசையாது, சிலவற்றுக்குத் துள்ளும். ஏன் என்று அவள் கேட்டதும் ஒத்ததிர்வை, அதாவது தனக்குரிய அதிர்வெண் வந்தால் ஒரு பொருள் பெரிதாக அதிர்வதை, சொல்லிக்கொடுங்கள், அது அவள் பாடத்தில் இல்லாவிட்டாலும் சரி.