டிபியில் இருந்துகொண்டு ஃபுல் ஸ்டாக்: எதற்குக் காசு கட்டலாம், எதற்கு வேண்டாம்

"அக்கா, சிங்கப்பூர் வந்து எட்டு மாதம் ஆகிறது. டிபியில் (கணவரின் வேலை பாஸைச் சார்ந்து கிடைக்கும் குடும்ப அனுமதி) இருக்கிறேன், பையனுக்கு மூன்று வயது. ஊரில் மென்பொருள் டெஸ்டிங் வேலை பார்த்தேன். ஃபுல் ஸ்டாக், அதாவது இணையதளத்தின் முன்பக்கம், பின்னணி இரண்டையும் எழுதும் வேலை, படிக்க ஆசை. சென்னையிலிருந்து ஆன்லைனில் ஓராண்டு வகுப்பு நடத்துகிறார்கள், வேலைக்கு உத்தரவாதமாம். சேரலாமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

சேராதீர்கள் தங்கச்சி.

நானும் 2013-இல் இதே டிபியில் வந்து இறங்கியவள்தான். அப்போது நம்மை வேலைக்கு எடுக்க முதலாளி ஓர் ஒப்புதல் கடிதம் வாங்கினால் போதும். 2021 மே மாதத்தோடு அந்த வழி அடைபட்டுவிட்டது. வேலைக்குச் சேர இபி (நிபுணர்களுக்கான வேலை பாஸ்), எஸ் பாஸ் (இடைநிலைத் திறனாளர்களுக்கானது) என்று ஏதாவது ஒன்று உங்கள் பெயரிலேயே கிடைக்க வேண்டும். இபி என்றால் 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வயது கூடினால் அதுவும் கூடும். அதற்கு மேல் காம்பஸ் என்று ஒரு புள்ளிக் கணக்கு. அதில் உங்கள் டிகிரிக்குப் புள்ளி உண்டு, ஆன்லைன் சான்றிதழுக்குக் கிடையாது. சென்னையில் உட்கார்ந்திருப்பவர், இங்குள்ள மனிதவள அமைச்சு பாஸ் தரும் என்று எப்படி உத்தரவாதம் கொடுப்பார்?

நேரத்தையும் பாருங்கள். அங்கே இரவு எட்டு மணி வகுப்பு நமக்குப் பத்தரை. முடியும்போது நள்ளிரவு தாண்டிவிடும், பையன் ஆறு மணிக்கு எழுப்புவான். இப்படி ஒரு வகுப்பில் நான் பணம் கட்டி ஏமாந்திருக்கிறேன். முதல் மாதம் நேரடி வகுப்பு, அப்புறம் பழைய வீடியோக்கள். நான் அனுப்பிய பயிற்சிகளை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டில் யாராவது, அரசின் பயிற்சித் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இருக்கிறதே என்பார்கள். அந்த 500 வெள்ளிக் கணக்கு 25 வயது நிரம்பிய குடிமக்களுக்கு மட்டும். நிரந்தரவாசிகளுக்குக் கட்டண மானியமாவது உண்டு, டிபிக்கு இரண்டும் இல்லை. விளம்பரத்தில் மானியம் கழித்த தொகையைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். நாம் கட்ட வேண்டியது கீழே சின்ன எழுத்தில் இருக்கும்.

சரி, எதில் படிப்பது? தி ஓடின் புராஜெக்ட் என்ற இணையப் பாடத்தளத்தில் தொடங்குங்கள். இலவசம். கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்று அடியிலிருந்து வரும். வீடியோவைக் காட்டி உட்கார வைக்காமல், வாசிக்கச் சொல்லி நம்மையே கட்டச் சொல்வார்கள். முதல் இரண்டு வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். அது முடிந்ததும் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் ஃபுல் ஸ்டாக் ஓப்பன் என்ற இணைய வகுப்பு. ரியாக்ட், நோட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள், டேட்டாபேஸ், டெஸ்டிங் எல்லாம் உண்டு, சான்றிதழும் இலவசம். ஆனால் நிரல் எழுதிப் பழகியவர்களுக்கானது. நேரே அதில் குதித்தால் மூச்சு முட்டும். டெஸ்டிங் பகுதி வரும்போது நீங்கள் மற்றவர்களைவிட ஒரு படி மேலே நிற்பீர்கள்.

வகுப்புகள் விற்கும் யூடெமி தளத்தில் ஒன்று வேண்டுமானால் வாங்குங்கள், தள்ளுபடி வரும்போது. அது அடிக்கடி வரும். ஒன்றே ஒன்று! நான் பதினொன்று வாங்கி ஒன்றையும் முடிக்காதவள். எதையும் வாங்குமுன் நடுப்பாடம் ஒன்றைத் திறந்து பாருங்கள். நீங்களாக எழுத வேண்டிய வேலை அங்கே இல்லை, அவர் தட்டச்சு செய்வதைப் பார்த்துத் தட்டுவதுதான் பாடம் என்றால் மூடிவிடுங்கள்.

எனக்கு நிஜமாகப் பாடம் நடத்தியது முறுக்கு. எங்கள் புளோக்கில் ஓர் ஆன்ட்டி தீபாவளிக்கு முறுக்கு சுற்றி விற்பார். அவருக்கு ஆர்டர் எடுக்கும் பக்கம் ஒன்று இலவசமாகச் செய்துகொடுத்தேன். இரண்டாம் நாளே, "ஏம்மா, காலையில ஏழு மணிக்கு வந்த ஆர்டர் நேத்து ராத்திரி பதினோரு மணின்னு காட்டுது" என்று வந்து நின்றார். டேட்டாபேஸ் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது, சிங்கப்பூர் அதற்கு எட்டு மணி நேரம் முன்னால் என்பது புரிய ஒரு பகல் முழுக்கப் போனது. அன்றைக்கு எந்த நாளுக்கு எத்தனை கிலோ என்று கையால் பிரித்துக் கொடுத்தேன். பின்னால் ஒரு நேர்காணலில் இந்தக் கதையைத்தான் சொன்னேன். அவர்கள் அதைப் பற்றியே கால் மணி நேரம் கேட்டார்கள். சான்றிதழ் கோப்பு பையிலேயே இருந்தது.

நீங்களும் இப்படி ஒன்றை உங்கள் வீட்டுத் தேவைக்குச் செய்து பாருங்கள். ஆனால் அடுத்தவர் தொழிலுக்குச் செய்துகொடுக்காதீர்கள். வேலை அனுமதி இல்லாமல் இங்கே வேலை செய்வது குற்றம், தெரிந்தவர்களுக்குக் கூலி வாங்காமல் செய்தாலும் சிக்கலாகலாம்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் ஃபுல் ஸ்டாக் என்று தேடி இருபது விளம்பரங்களைத் திறந்து, கேட்கிற திறன்களை நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். வங்கிகள் ஜாவா (ஜாவாஸ்கிரிப்ட் அல்ல, வேறு மொழி), அதற்கான ஸ்பிரிங் கருவி என்று கேட்பதைப் பார்ப்பீர்கள். அதைப் பார்த்துப் பாதை மாற வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் கைக்கு வந்தபின் மாறினால் பாதி வேலைதான்.

விண்டோஸ் லேப்டாப் என்றால் ஓடினின் தொடக்கத்திலேயே தடுக்கும், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட வேண்டியிருக்கும். பலர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். மாட்டிக்கொண்டால் திரையில் வந்த பிழையை அப்படியே ஒட்டி எனக்கு எழுதுங்கள். பையன் தூங்கிய பிறகு எழுதினாலும் பார்ப்பேன்.