முதலில் எஞ்சினை அணையுங்கள்: செஸ் கேள்வி பதில்

சொந்த ஆட்டத்தில் தவறு தேடுவது பற்றி மட்டும் கேளுங்கள். எஞ்சின் என்றால், மூவ்களைக் கணக்கிட்டு மதிப்பிடும் செஸ் மென்பொருள். ஓப்பனிங் (ஆட்டத் தொடக்க மூவ்கள்) கேள்விகளுக்கு இன்று விடுமுறை.

கேள்வி: சார், எந்த எஞ்சின் நல்லது? காசு கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஸ்டாக்ஃபிஷ் இலவசம். லிசெஸ் தளத்தில் ஆட்டத்தை ஏற்றினால் பிரவுசரிலேயே ஓடும். உலகச் சாம்பியனையே அடிக்கிற சரக்கு, நமக்குத் தாராளம்.

கேள்வி: எஞ்சின் போட்ட மதிப்பு +0.6 இருந்தது, என் மூவுக்கு அப்புறம் +0.2. என்ன தப்பு செய்தேன்?

பதில்: ஒன்றுமில்லை. பிளஸ் என்றால் வெள்ளைக்குச் சாதகம், மைனஸ் என்றால் கறுப்புக்கு. முன்பெல்லாம் +1 என்றால் ஒரு சிப்பாய் அதிகம் என்று சொல்லிக்கொடுப்போம். ஸ்டாக்ஃபிஷ் 15.1 பதிப்பு முதல் +1 என்றால், எஞ்சினும் எஞ்சினும் ஆடினால் வெள்ளை ஜெயிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று அர்த்தம். நீங்கள் சொல்லும் வித்தியாசம் நம் ஆட்டத்தில் தூசு. +9 இருந்து +6 ஆனாலும் கவலை வேண்டாம். +0.3 சட்டென்று -2 ஆகிறதே, அங்கே நில்லுங்கள்.

கேள்வி: அண்ணா, தினமும் ஆட்டம் முடிந்ததும் எஞ்சின் போட்டுப் பார்க்கிறேன். மூன்று மாதமாக ரேட்டிங் 1350-லேயே நிற்கிறது.

பதில்: தம்பி, பார்ப்பதுதான் பிரச்சினை. முதலில் எஞ்சினை அணையுங்கள். ஒரு நோட்டு எடுத்து, எங்கே அதிக நேரம் யோசித்தீர்கள், எதிராளியின் எந்த மூவ் திடுக்கிட வைத்தது, ஆட்டம் எங்கே கைவிட்டுப் போனதாகத் தோன்றியது என்று எழுதுங்கள். அந்த நிமிடத்தில் மனதில் ஓடியதையும் எழுதுங்கள். மறுநாளே மறந்துவிடும்.

அதற்கப்புறம் எஞ்சின். அது காட்டும் மூவை ரசித்துவிட்டு நகராதீர்கள். உங்கள் மூவையே வைத்து, அது எப்படி அடிக்கிறது என்று பாருங்கள். எதிராளியின் மிரட்டலே கண்ணில் படவில்லையா, பட்டும் கணக்கு தப்பியதா, கடிகாரம் நெருக்கியதா என்று பக்கத்தில் குறியுங்கள். இருபது ஆட்டம் சேர்ந்தால் உங்கள் வியாதி தெரியும். என்னுடையது, ஒரு காயை வெட்டிய சந்தோஷத்தில் அடுத்த மூவை யோசிக்காமல் வைப்பது. எந்த எஞ்சினும் இதைச் சொல்லவில்லை, நோட்டுதான் சொன்னது.

கேள்வி: எந்த எஞ்சின் பயன்படுத்தலாம்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: குகேஷ் எஞ்சினே தொடாமல் வளர்ந்தாராமே. என் மகனுக்கும் நிறுத்திவிடட்டுமா?

பதில்: அவருக்குப் பக்கத்தில் விஷ்ணு பிரசன்னா என்ற கிராண்ட்மாஸ்டர் இருந்தார். உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால் தாராளமாக நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நோட்டு முதலில், எஞ்சின் பிறகு.

கேள்வி: 2014 சோச்சியில் ஆனந்த் கோட்டைவிட்டதை எஞ்சின் ஒரு நொடியில் காட்டுகிறது. என் பையனே கண்டுபிடித்தான். அவர் எப்படித் தவறவிட்டார்?

பதில்: இதற்குத்தான் காத்திருந்தேன். கார்ல்சனோடு ஆடிய உலகச் சாம்பியன் போட்டி, ஆறாவது ஆட்டம், 26-வது மூவ். கார்ல்சன் ராஜாவை டி2-இல் வைத்தார். ஆனந்த் குதிரையால் இ5 சிப்பாயை வெட்டியிருக்க வேண்டும். வெள்ளை ஜி8 யானையை வெட்டினால், குதிரை சி4 சிப்பாயையும் செக்கோடு வெட்டும், பி2-இல் இன்னொரு செக், பிறகு யானையைத் திருப்பி வெட்டலாம். இரண்டு சிப்பாய் லாபம். ஆனந்த் சட்டென்று ஏ4 தள்ளினார், ஆட்டமும் போயிற்று. உங்கள் பையனிடம் 'இங்கே ஏதோ இருக்கிறது, தேடு' என்று சொல்லித்தானே காட்டினீர்கள்? ஆனந்திடம் யாரும் சொல்லவில்லை.

கேள்வி: சப்பைக்கட்டு! அந்த மட்டத்தில் இது மன்னிக்க முடியாதது.

பதில்: அப்படியானால் கார்ல்சனையும் மன்னிக்காதீர்கள். ராஜாவை டி2-இல் வைத்த முதல் தவறு அவருடையது.

கேள்வி: சார், 2024-இல் டிங் லிரன் செய்ததும் இதே ரகமா?

பதில்: இல்லை. சிங்கப்பூர், குகேஷோடு ஆடிய உலகச் சாம்பியன் போட்டி, 14-வது ஆட்டம், 55-வது மூவ். டிராவுக்குப் போய்க்கொண்டிருந்த நிலையில் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். குகேஷ் யானைகளை மாற்றினார். டிங்கின் மந்திரி (பிஷப்) ஏ8 மூலையில் மாட்டியிருந்ததால் மந்திரிகளையும் மாற்ற வைத்தார். மிஞ்சியது சிப்பாய் ஆட்டம், குகேஷுக்கு ஒன்று அதிகம். ஆனந்த் தவறவிட்டது இரண்டு நொடித் தந்திரம். டிங் தவறவிட்டது, காய்கள் மாறிய பிறகு என்ன மிஞ்சும் என்ற கணக்கு. நோட்டில் இரண்டையும் வேறு வேறு பக்கத்தில் எழுத வேண்டும். எஞ்சின் இரண்டுக்கும் பெருந்தவறு என்று ஒரே மாதிரி இரட்டைக் கேள்விக்குறிதான் (??) போடும்.

கேள்வி: எதிராளியின் மூவ்களுக்கு எஞ்சின் காட்டும் துல்லியம் 94 சதவீதம். ஏமாற்றினாரா?

பதில்: ஒரே ஆட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. நீங்கள் பத்தாவது மூவில் ராணியைக் கொடுத்திருந்தால் எனக்கும் 94 வரும்.

கேள்வி: போனில் எந்த எஞ்சின்...

பதில்: ஸ்டாக்ஃபிஷ்!

கேள்வி: நேற்றைய ஆட்டத்தை அனுப்பியிருக்கிறேன். எங்கே தோற்றேன்?

பதில்: மூவ்கள் வந்தன, குறிப்பைக் காணோம். எங்கே தோற்றதாக நீங்கள் நினைக்கிறீர்கள்? எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.