ஊருணிப் பாசியில் வட்ட ஓடு: மட்டிக்குஞ்சா, மட்டி இறாலா?

கேள்வி: எங்கள் ஊர் ஊருணியில் மண்டிக் கிடந்த வேலம்பாசியை இழுத்துப் போட்டபோது, அதற்குள் மிளகைவிடச் சிறிய வட்ட ஓடுகள் நிறைய இருந்தன. மங்கிய மஞ்சள் நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஏதோ துடிப்பது தெரிகிறது. அடுத்த மாதம் கெண்டைக் குஞ்சு விடப்போகிறோம். இது மீனைப் பிடிக்கிற ஒட்டுண்ணியா? பிளீச்சிங் பவுடர் போடலாமா? கல்லூரியில் விலங்கியல் படிக்கும் என் மகள், "சைக்ளஸ்தீரியாவாக இருக்கும், அபூர்வமானது" என்கிறாள். எப்படி உறுதி செய்வது?

பதில்: இதற்காகப் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது மட்டி இறால். பெயரில் மட்டி இருந்தாலும் மட்டி இனத்துக்கும் அதற்கும் உறவு கிடையாது; இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்தது. தண்ணீரில் மிதக்கும் பாசித்துகளையும் மக்கிய தூசியையும் வடிகட்டித் தின்று பிழைக்கும். மீனின் மேல் ஒட்டாது. மீன்தான் அதைத் தின்னும்.

சைக்ளஸ்தீரியா என்பது மட்டி இறாலில் ஒரு வகை. உங்கள் மகள் ஊகித்தது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஓடு வட்டமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. முதலில் ஒன்றை எடுத்து நகத்தால் மெல்ல அழுத்திப் பாருங்கள். மட்டிக்குஞ்சின் ஓடு சுண்ணாம்பு. விறைப்பாக நின்று நொறுங்கும், ஒரு சொட்டு வினிகர் விட்டால் குமிழி கிளம்பும். மட்டி இறாலின் ஓடு கைட்டின் என்ற பொருளால் ஆனது, மெல்லிய பிளாஸ்டிக் தாள் போல வளைந்து கொடுக்கும். ஆஸ்ட்ரகாட் என்று இன்னொரு ஓட்டுப் பிராணியும் இதே பாசியில் கிடைக்கும். பெரும்பாலும் அவரை விதை வடிவம், ஒன்றிரண்டு மில்லிமீட்டர், கால்கள் சிலவே. அதன் ஓட்டிலும் சுண்ணாம்பு உண்டு என்பதால் அங்கேயும் குமிழி வரும்.

மட்டி இறால்தான் என்று தெரிந்த பிறகு லென்ஸை எடுங்கள். டீ வடிகட்டியால் அள்ளி, வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் தண்ணீரோடு விடுங்கள். வளர்ந்த சைக்ளஸ்தீரியா அதிகபட்சம் 5 மி.மீ. அளவு இருக்கும். ஓட்டின் மேல் ஒன்றுக்குள் ஒன்றாகச் சில வளையக் கோடுகள் தெரியும். இது தோலுரிக்கும்போது உடம்பின் தோல் கழன்றுவிடும், ஓட்டின் வெளிப்பக்கம் மட்டும் கழலாமல் தங்கிவிடும். அடியில் புது அடுக்கு சற்றுப் பெரிதாக வளரும். அந்த விளிம்புகள்தான் கோடுகள். உள்ளே துடிப்பதாக நீங்கள் பார்த்தது இலை போன்ற கால்கள், 15 அல்லது 16 ஜோடி. இரண்டு கிளையாகப் பிரிந்த உணர்கொம்புகளை ஓட்டுக்கு வெளியே நீட்டி, அவற்றையே துடுப்பாக்கி நீந்தும். வாலின் நுனியில் இரண்டு கூர்நகங்கள் இருக்கும்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை மற்ற மட்டி இறால்களுக்கும் பொருந்தும். மழைக்குப் பின் வயல் குட்டைகளில் திடீரென்று பெருகுகிற யூலிம்னேடியா, லெப்டெஸ்தீரியா போன்றவற்றுக்கும் இதே அமைப்புதான். ஓடு மட்டும் பொதுவாக நீள்வட்டம். சைக்ளஸ்தீரியாவைப் பிரித்துக் காட்டுபவை இரண்டு. முதலாவது கண்: மற்றவற்றில் இரு கூட்டுக்கண்களும் நெருங்கி இருந்தாலும் தனித்தனி, இதில் இரண்டும் ஒன்றாகக் கலந்து ஒற்றைக் கரும்புள்ளியாகத் தெரியும். ஆனால் லென்ஸில் பக்கவாட்டில் பார்த்தால் எல்லாமே ஒற்றைக் கண் போலத்தான் இருக்கும், இதற்கு மைக்ரோஸ்கோப் வேண்டும். அதனால் நான் அதிகம் நம்புவது இரண்டாவதை. முதுகுப் பக்கம், ஓட்டுக்கும் உடம்புக்கும் நடுவே பாருங்கள். மற்ற மட்டி இறால்களிடம் அங்கே வெறும் முட்டைகள் இருக்கும். சைக்ளஸ்தீரியா தாயிடம் வளர்ந்துகொண்டிருக்கும் கருக்களே இருக்கும், முற்றிய கருவில் கண்புள்ளிகூடத் தெரியும். நீந்தித் திரியும் லார்வா பருவம் இதற்கு இல்லை, குஞ்சு தாயின் சிறு பதிப்பாகவே வெளியே வரும். தண்ணீர்ப்பூச்சி என்று மீன் வளர்ப்போர் சொல்லும் டாஃப்னியாவிலும் இதே ஏற்பாடு உண்டு. டாஃப்னியா கூட்டத்துக்கு மிக நெருங்கிய உறவு இதுதான் என்பது இன்று ஏற்கப்பட்ட முடிவு.

ஆணைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பெரும்பாலும் பெண்களே கிடைக்கும், அவை ஆண் துணை இல்லாமலே பெருகும். தற்செயலாக ஆண் கிடைத்தால் முதல் ஜோடிக் கால் மட்டும் கொக்கி போல மாறியிருக்கும். மழைக் குட்டை இனங்கள் பலவற்றின் ஆணில் முதல் இரண்டு ஜோடியும் அப்படி மாறும்.

அபூர்வமா என்றால், எனக்கு அந்தச் சொல்லில் முழுச் சம்மதம் இல்லை. உலகைச் சுற்றி வெப்பமண்டலம் முழுக்க, ஏறத்தாழ வடக்கே 30 பாகை முதல் தெற்கே 35 பாகை வரை இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மட்டி இறால் தேடுபவர்கள் மழைக் குட்டைக்குப் போகிறார்கள். இதுவோ வற்றாத தண்ணீரில் பாசிக்குள் ஒளிந்திருக்கிறது. பதிவுகள் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் விவரிக்கப்பட்டது நம் நாட்டு விலங்குதான். நாக்பூரில் இருந்த பாதிரியாரும் நிலவியலாளருமான ஸ்டீஃபன் ஹிஸ்லாப் சேகரித்து அனுப்பியதை, பிரிட்டிஷ் விலங்கியலாளர் வில்லியம் பேர்ட் 1859இல் விவரித்து, ஹிஸ்லோபி என்று அவர் பெயரையே இனப்பெயராக வைத்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த காய்ந்த சேற்றில் தண்ணீர் ஊற்றி, நார்வேயில் இதை வளர்த்துப் பார்த்த விலங்கியலாளர் ஜி.ஓ. சார்ஸ் 1887இல் சைக்ளஸ்தீரியா என்ற பேரினத்தை ஏற்படுத்தினார். காய்ந்த சேற்றிலிருந்து உயிர் வந்ததற்குக் காரணம், இது உறங்கு முட்டையும் இடும் என்பதுதான். தாய் செத்த பிறகும் அதன் ஓட்டுக்குள்ளேயே அந்த முட்டைகள் பத்திரமாகக் கிடக்கும்.

வெகுகாலம் உலகம் முழுக்க ஒரே இனம் என்றுதான் நினைத்தார்கள். 2013இல் பிரெஞ்சு கயானா, இந்தியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா மாதிரிகளின் மரபணுவை ஒப்பிட்டபோது அது உடைந்தது. கண்டத்துக்குக் கண்டம் ஒரு மைட்டோகாண்ட்ரிய மரபணுவில் 13 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு. முதல் கிளை பிரிந்த காலம் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ். வெளித்தோற்றத்திலோ பிரித்தறிய முடியவில்லை. இனி இவற்றைத் தனித்தனியாகப் பெயரிட்டால், ஹிஸ்லோபி என்ற பெயர் நாக்பூர் விலங்கோடுதான் நிற்கும். நம் ஊருணியில் இருப்பது அதே இனமா என்பதை மரபணுதான் சொல்ல வேண்டும். உங்கள் மகளுக்கு நல்ல ஆய்வுத் தலைப்பு.

ஆகவே மாதிரியைச் சரியாக எடுங்கள். ஃபார்மலின் வேண்டாம், அது மரபணுவைக் கெடுத்துவிடும். பத்துப் பதினைந்தை 95 சதவீத எத்தனாலில் போட்டு, மறுநாள் எத்தனாலை மாற்றுங்கள். ஊர், தேதி, நீரின் ஆழம், எந்தப் பாசி என்று தடித்த தாளில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் சென்னை சாந்தோமில் இருக்கிறது. கல்லூரித் துறை வழியாக அவர்களை அணுகலாம்.

கெண்டை விஷயம். புல்கெண்டை விட்டால் வேலம்பாசியை மொட்டையடித்துவிடும், அதோடு மட்டி இறாலுக்கு ஒளிய இடமிருக்காது. ஊருணியின் ஒரு மூலையில் வலை கட்டிக் கொஞ்சம் பாசியைத் தனியே விட்டு வையுங்கள். மாதிரி எடுக்கிற வேலையைக் குஞ்சு விடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.